வீட்டு வாசலுக்கு என்ன தரை: சிமெண்டா, பேவர் பிளாக்கா, புல் பேவரா?

சென்னையில் வீடு கட்டுகிறவர்கள் டைல்ஸ் நிறத்துக்கு ஒரு மாதம் யோசிக்கிறார்கள், ஜன்னல் கம்பிக்கு ஒரு வாரம் யோசிக்கிறார்கள். காம்பவுண்டுக்குள் மிச்சமிருக்கும் வெறும் தரையை என்ன செய்வது என்பதை மட்டும் கடைசி வாரத்தில், பணம் தீர்ந்த நிலையில், கிரகப்பிரவேசப் பத்திரிகை அச்சடித்த பிறகு, அரை மணி நேரத்தில் முடிவு செய்கிறார்கள். மேஸ்திரி "மொத்தமா சிமெண்டு போட்டுடலாம் சார், சுத்தமா இருக்கும்" என்பார், சரி என்று தலையாட்டிவிடுவோம். அந்த முடிவுதான் அடுத்த இருபது முப்பது வருடத்துக்கு அந்த மனையில் விழுகிற மழை நிலத்துக்குள் போகுமா, தெருவுக்குப் போகுமா என்பதைத் தீர்மானிக்கிறது. அதனால் சிமெண்டு, சாதாரண பேவர் பிளாக், புல் பேவர், ஜல்லி, வெறும் மண் எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எந்த இடத்துக்கு எது சரி என்று சொல்லலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் தண்ணீர்க் கணக்கு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர். சென்னையில் வருடத்துக்குச் சராசரியாக சுமார் 1400 மி.மீ. மழை. முன்வாசலும் கார் பாதையும் பக்கவாட்டுச் சந்தும் சேர்த்து 600 சதுர அடி, அதாவது சுமார் 56 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதில் மட்டும் வருடத்துக்கு 78,000 லிட்டர் விழுகிறது. 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் ஆறு லாரிக்கு மேல். இத்தனைக்கும் மொட்டைமாடியை இதில் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் 2003-லேயே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள், அது பெரிய விஷயம்தான். ஆனால் நிறைய வீடுகளில் மாடியிலிருந்து வரும் குழாய் மட்டும்தான் குழியில் போய்ச் சேர்கிறது. தரையில் விழுந்த தண்ணீர் கேட்டுக்கு அடியில் புகுந்து தெருவுக்குப் போவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

இதே ஊரில் 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியது. நான்கே வருடத்தில், 2019 கோடையில், பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் வற்றிப்போய்க் குடங்களோடு லாரிக்குப் பின்னால் ஓடினோம். வெள்ளமும் வறட்சியும் மாறி மாறி வருகிற ஊரில் வீட்டுத் தரை மழையைத் தெருவில் தள்ளிவிடுகிறதா, உள்ளே வாங்குகிறதா என்பது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை.

சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சிமெண்டுத் தரையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெருக்கச் சுலபம், கழுவச் சுலபம், வயதானவர்கள் தடுக்கி விழமாட்டார்கள், எல்லாக் கொத்தனாருக்கும் போடத் தெரியும். விழுகிற மழையில் பத்தில் எட்டு ஒன்பது பங்கு ஓடிவிடும். ஏப்ரல் மே வெயிலில் மேற்பரப்பு 50 டிகிரியைத் தாண்டும், இருட்டிய பிறகும் சுவரோடு சேர்ந்து வெப்பத்தை விட்டுக்கொண்டே இருக்கும், முன்னறையில் இரவு பத்து மணிக்கும் புழுக்கம் அடங்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

சாதாரண பேவர் பிளாக்கில்தான் பெரிய தவறான நம்பிக்கை இருக்கிறது. "கல்லுக்கு நடுவுல இடைவெளி இருக்கே, தண்ணி இறங்கிடும்" என்று கடைக்காரரும் சொல்வார், நாமும் நம்புவோம். அந்த இடைவெளி இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். போட்ட புதிதில் கொஞ்சம் இறங்கும். அப்புறம் மண்ணும் தூசியும் இலைத்தூளும் அடைத்துக்கொள்ளும், அடியில் பெரும்பாலும் குவாரி டஸ்ட்டை, அதாவது கல் உடைக்கும்போது வரும் தூளைக் கொட்டி இறுக அடித்திருப்பார்கள், சில இடங்களில் அதற்கும் கீழே ஒரு சிமெண்டு கான்கிரீட் படுகையே இருக்கும். இப்படிப் போட்ட தரையில் நல்ல மழையில் முக்கால் பங்குத் தண்ணீர் மேலேயே ஓடும். பேவர் பிளாக்குக்கு வேறு நல்ல குணங்கள் உண்டு: குழாய் உடைந்தால் கல்லை எடுத்துவிட்டு மறுபடி வைக்கலாம், ஒரு கல் உடைந்தால் ஒன்றை மட்டும் மாற்றலாம். ஆனால் மழைநீருக்கு நல்லது என்று நினைத்து அதற்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

அடுத்தது புல் பேவர். கடையில் கிராஸ் பேவர் என்று கேட்க வேண்டும். நடுவில் பெரிய துளைகள் உள்ள கான்கிரீட் கல், துளையில் மண் நிரப்பிப் புல் வளர்ப்பது. கார் சக்கரத்தின் எடையைக் கல் தாங்குகிறது, அதனால் துளைக்குள் இருக்கும் மண் இறுகுவதில்லை, புல்லின் வேருக்குக் காற்றும் தண்ணீரும் கிடைக்கிறது. இது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை, ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கத்தில் 1961-லேயே கார் நிறுத்தத்துக்கு இப்படித் துளைக் கற்களைப் போட்டிருக்கிறார்கள். இன்றைக்கு அங்கே பல ஊர்களில், வீட்டு மனையில் எவ்வளவு இடத்தை மூடி மழைநீரைத் தெருச் சாக்கடைக்கு அனுப்புகிறோமோ அந்தப் பரப்புக்குத் தகுந்தபடி தனிக் கட்டணம் உண்டு, புல் பேவர் போட்ட இடத்துக்குக் கட்டணம் குறையும். நம் ஊரில் அப்படி ஒரு கட்டணம் இருந்தால் மேஸ்திரிகளின் பேச்சு ஒரே வருடத்தில் மாறியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

இந்தக் கான்கிரீட் துளைக் கல்லில் திறந்த பரப்பு கல்லின் வடிவத்தைப் பொறுத்து 20 முதல் 50 சதவீதம் வரை இருக்கும். வாங்கும்போது இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எட்டு வடிவத்தில் சின்னத் துளை போட்ட கல்லும் புல் பேவர் என்றுதான் விற்கப்படுகிறது, ஆனால் அதில் புல்லுக்கு இடமே இல்லை, ஒரு வெயிலில் காய்ந்துவிடும். பிளாஸ்டிக் தேன்கூடு மாதிரி வருகிற வகையில் திறந்த பரப்பு 90 சதவீதத்துக்கு மேல், பார்க்கவும் முழுப் புல்வெளி போலவே இருக்கும். போடுவதும் சுலபம், ஒன்றோடொன்று கொக்கி மாட்டிவிடலாம். எனக்கு இதில் ஒரு பயம் உண்டு. புல் நன்றாக மூடியிருக்கும் வரை பிளாஸ்டிக்கின் மேல் வெயில் படாது. புல் போய்விட்டால் நம் ஊர் வெயிலில் வருடக்கணக்கில் கிடந்து நொறுங்கத் தொடங்கும், அந்தத் துணுக்குகள் மண்ணில்தான் கலக்கும். புல் நிச்சயம் நிலைக்கும் என்கிற இடத்துக்கு மட்டும் பிளாஸ்டிக், சந்தேகம் இருந்தால் கான்கிரீட் என்பது என் முடிவு.

புல் பேவரால் சூழலுக்கு என்ன லாபம் என்று கேட்டால் முதல் பதில் தண்ணீர், இரண்டாவது வெப்பம். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 0.68 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பத்தைச் சுற்றுப்புறத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஈரமுள்ள புல்வெளி கோடையில் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளில் நான்கைந்து லிட்டர் ஆவியாக விடும். அதாவது ஒரு சதுர மீட்டர் பச்சைப் புல் பகலில் சுமார் மூன்று யூனிட் வெப்பத்தைக் கரைத்துவிடுகிறது. அதே வெயில் சிமெண்டின் மேல் விழுந்தால் அந்த வெப்பம் தரையிலும் சுவரிலும் நம் மேலும்தான் ஏறும். கான்கிரீட் துளைக் கல்லில் புல் அதிகபட்சம் பாதி இடத்தில்தான் என்பதால் பலனும் அந்த அளவுக்குத்தான். ஒன்றை மறைக்கக் கூடாது: புல் காய்ந்திருக்கும் நாளில் இந்தக் குளிர்ச்சி கிடைக்காது, வெறும் மண் அளவுக்குத்தான் இருக்கும்.

மூன்றாவது மரம். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, எனக்கு இதுதான் மனதுக்கு நெருக்கமானது. வாசலில் ஒரு வேம்போ புங்கனோ இருந்தால் அதன் வேர் தண்டைச் சுற்றி ஒரு அடியோடு நிற்பதில்லை, கிளை பரவிய தூரத்தையும் தாண்டிப் போகிறது. தண்டு வரைக்கும் சிமெண்டு பூசினால் வேருக்குத் தண்ணீரும் போகாது, காற்றும் போகாது, மரம் மெதுவாக நலிந்து ஒரு புயலில் சாயும். டில்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை அகற்ற வேண்டும் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013-ல் உத்தரவிட வேண்டியிருந்தது. வாசலில் ஏற்கெனவே மரம் இருந்தால், தண்டைச் சுற்றி வெறும் மண்ணும் அதற்கு வெளியே புல் பேவரும் என்பதைத் தவிர வேறு எதையும் யோசிக்காதீர்கள். அடித்தளத்துக்குத் தோண்டும்போது தடித்த வேர்களை வெட்டிவிடாமல் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கார்பன் விஷயத்தில் விளம்பரங்களை அப்படியே நம்ப வேண்டாம். துளைக் கல்லும் சிமெண்டில் செய்ததுதான், அதுவும் கார் எடையைத் தாங்க வேண்டும் என்பதால் சிமெண்டு கூடுதலாகச் சேர்த்த கலவை. நான்கு அங்குலச் சிமெண்டுத் தளத்தைவிட மொத்தக் கான்கிரீட் குறைவு என்பதால் கொஞ்சம் மிச்சம், அவ்வளவுதான். துளைகளில் வளரும் புல் காற்றிலிருந்து இழுக்கிற கார்பன் இந்தக் கணக்கில் தெரியாத அளவுக்குச் சின்னது. தண்ணீருக்கும் வெப்பத்துக்கும் மரத்துக்கும் மண்ணில் வாழும் மண்புழுவுக்குமாகத்தான் இதைப் போட வேண்டும்.

இப்போது கஷ்டமான பக்கம். புல் பேவர் போட்டு இரண்டு வருடத்தில் புல்லும் இல்லாமல் துளையில் குப்பையும் தேங்கி, கடைசியில் சிமெண்டு கலவையை ஊற்றி மூடிய வீடுகள் நிறைய. கல்லில் பெரும்பாலும் குறை இருப்பதில்லை. மூன்று விஷயத்தைப் பார்க்காமல் போட்டிருப்பார்கள்: வெயில், மண், கோடைத் தண்ணீர்.

வெயில் என்றால், தினமும் மாலை ஆறு மணிக்கு நிறுத்தி மறுநாள் காலை எடுக்கிற கார் பிரச்சினை இல்லை, பகல் முழுக்கப் புல்லுக்கு வெயில் கிடைக்கிறது. வீட்டிலிருந்தே வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் கார் வெளியே போகும் என்றால் காருக்கு அடியில் புல் வளராது, எந்த ரகம் வைத்தாலும் வளராது. போர்டிகோவுக்குக் கீழேயும் அதே கதை. அந்த இடங்களில் அதே துளைக் கல்லைப் போட்டு மண்ணுக்குப் பதில் கால் அங்குல ஜல்லியை நிரப்புங்கள். பச்சை இருக்காது, ஆனால் மழை உள்ளே இறங்கும், இறங்குவதுதானே முக்கியம். இரண்டு பக்கம் உயரமான அடுக்குமாடி நெருக்கிக்கொண்டிருக்கும் சந்துக்கும் ஜல்லிதான்.

மண் விஷயம் சென்னைக்குள்ளேயே தெருவுக்குத் தெரு மாறும். திருவான்மியூர், கொட்டிவாக்கம், சாந்தோம், தண்டையார்பேட்டை பக்கம் கடற்கரை மணல். அங்கே மணிக்கு 30 மி.மீ.க்கு மேல் தண்ணீர் இறங்கும், பெரிய மழையைக்கூட ஒரு நல்ல புல் பேவர் தரை அப்படியே குடித்துவிடும். அந்தப் பகுதிகளில் இதைச் செய்யாமல் விடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது, ஏனென்றால் அங்கே நிலத்தடியில் நல்ல தண்ணீர் கடல் உப்புத் தண்ணீருக்கு மேல் மிதந்துகொண்டிருக்கிறது, மேலேயிருந்து மழை இறங்காவிட்டால் உப்பு மேலே ஏறும், ஒருமுறை ஏறிவிட்டால் லேசில் இறங்காது. அண்ணா நகர், மேற்கு மாம்பலம், விருகம்பாக்கம் போன்ற இடங்களில் களிமண். அதில் மணிக்கு ஒன்று முதல் ஐந்து மி.மீ. வரைதான் இறங்கும். கிண்டி, வேளச்சேரி, ஆதம்பாக்கத்தில் கொஞ்சம் தோண்டினாலே பாறை.

உங்கள் இடத்தில் என்ன என்று தெரிந்துகொள்ள ஒரு அடி ஆழக் குழி வெட்டித் தண்ணீர் ஊற்றுங்கள். முதல்முறை இறங்குவதை விட்டுவிடுங்கள், அது காய்ந்த மண் உறிஞ்சுவது. மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எத்தனை செ.மீ. குறைகிறது என்று அளவுகோலை வைத்துப் பாருங்கள். குழியின் பக்கச் சுவரும் உறிஞ்சுவதால் உண்மையான வேகம் இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஒரு மணி நேரத்துக்கு ஐந்து செ.மீ.க்கு மேல் குறைந்தால் கவலையே இல்லை. அசையாமல் நின்றால் களிமண்.

களிமண் என்றால் புல் பேவரைக் கைவிட வேண்டும் என்று அர்த்தம் இல்லை, அடியில் தண்ணீர் காத்திருக்க இடம் கொடுக்க வேண்டும். தூள் கலக்காத ஜல்லியில் கிட்டத்தட்ட 40 சதவீதம் காலி இடம். 20 செ.மீ. கனத்துக்கு ஜல்லி போட்டால் அது 80 மி.மீ. மழையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அப்புறம் களிமண் தன் வேகத்தில் ஒரு நாளோ மூன்று நான்கு நாளோ எடுத்துக்கொண்டு குடிக்கட்டும். ஜல்லியின் மேல்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே ஒரு துளையிட்ட குழாயை வைத்து, மிஞ்சுகிற தண்ணீரை மழைநீர்க் குழியிலோ உறைகிணற்றிலோ சேர்த்துவிடுங்கள். 2015 மாதிரி ஒரு நாளில் 49 செ.மீ. கொட்டினால் எந்த வீட்டுத் தரையும் அதைத் தாங்காது, தாங்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் வடகிழக்குப் பருவமழையில் அடிக்கடி வருகிற மூன்று செ.மீ., ஐந்து செ.மீ. மழைகளில் அந்தத் தரையிலிருந்து தெருவுக்கு ஒரு சொட்டு போகாமல் பார்த்துக்கொள்ள இந்த 20 செ.மீ. ஜல்லி போதும்.

கோடைத் தண்ணீர்தான் பலரும் கேட்க விரும்பாத கேள்வி. 20 சதுர மீட்டர் புல்லை ஏப்ரல், மே, ஜூனில் பசேலென்று வைத்திருக்க வேண்டும் என்றால் நாளுக்கு 80, 100 லிட்டர் தண்ணீர் வேண்டும். மூன்று மாதத்துக்கு ஏழாயிரம் முதல் ஒன்பதாயிரம் லிட்டர். மழையை மிச்சப்படுத்தப் போட்ட தரைக்கு லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றுவதில் என்ன நியாயம் இருக்கிறது? அதனால் நர்சரியில் காட்டுகிற கொரியன் புல், மெக்சிகன் புல் எதுவும் வேண்டாம். அவை அழகு, மெத்தென்று இருக்கும், ஆனால் வறட்சியை அருகம்புல் அளவுக்குத் தாங்காது, சக்கரம் ஏறி நசுங்கினால் மெதுவாகத்தான் தேறும். அருகம்புல் வையுங்கள். வரப்பிலும் ரோட்டோரத்திலும் மாடு மேய்ந்து வண்டி ஏறி மிதிபட்டும் வளர்கிற அதே புல். வெயிலில் மேலே காய்ந்தாலும் அடித்தண்டு உயிரோடு கிடக்கும், முதல் மழையில் திரும்பி வரும். போர் தண்ணீரில் கொஞ்சம் உப்பு இருந்தாலும் தாங்கும். அதற்கு வேண்டியது நல்ல வெயில் மட்டும்தான். மே மாதத்தில் வாசல் பழுப்பாக இருக்கும் என்பதை ஏற்றுக்கொள்ள முடிந்தால் புல் பேவர் போடுங்கள், வருடம் முழுக்கப் பச்சைதான் வேண்டும் என்றால் உங்களுக்கு ஜல்லி நிரப்பிய தரையும் ஓரத்தில் நாலு செடியும்தான் பொருத்தம்.

இந்தப் பச்சை ஆசையில்தான் சிலர் செயற்கைப் புல்லுக்குப் போகிறார்கள். வெயிலில் அது சிமெண்டைவிட அதிகமாகச் சூடேறும், வெறும் காலை வைக்க முடியாது. நம் ஊரில் பெரும்பாலும் சிமெண்டுத் தரைக்கு மேலேதான் அதை ஒட்டுகிறார்கள், அதனால் தண்ணீரும் இறங்காது. தேய்ந்த இழைகள் மழையோடு கால்வாய்க்குப் போகும். சூழல் என்று ஆரம்பித்தவர்கள் இதில் முடிக்கக் கூடாது. மணல் சேர்க்காத, உள்ளெங்கும் நுண்துளைகள் உள்ள கான்கிரீட் என்று ஒன்றும் இருக்கிறது, தண்ணீர் நேராக இறங்கிவிடும், நல்ல பொருள்தான். ஆனால் அதைச் சரியான கலவையில் போடத் தெரிந்தவர்கள் தனி வீட்டு வேலைக்குக் கிடைப்பது கஷ்டம், நம் தெருப் புழுதியில் துளைகள் அடைத்துக்கொண்டால் இயந்திரம் வைத்து உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும்.

வெறும் ஜல்லித் தரை செலவு குறைவு, தண்ணீர் நன்றாக இறங்கும், ஆனால் சக்கரம் திரும்பும் இடத்தில் சிதறிப் பள்ளமாகும், தாத்தா பாட்டிக்கு நடக்கச் சிரமம், வேப்பிலை விழுந்தால் பெருக்க முடியாது. கார் போகாத பக்கச் சந்துக்கு நல்லது.

இத்தனையையும் சொல்லிவிட்டு, யாரும் விலைப்பட்டியலில் காட்டாத ஒன்றைச் சொல்ல வேண்டும். கார் சக்கரம் ஓடுகிற இரண்டு தடத்துக்கு மட்டும் இரண்டடி அகலத்தில் இரண்டு பட்டை கடப்பாக்கல்லோ கான்கிரீட்டோ போட்டு, நடுவிலும் ஓரங்களிலும் மண்ணை அப்படியே விட்டு அருகம்புல் வளரவிடுவது. கேட்டிலிருந்து போர்டிகோ வரை நேர்ப் பாதை என்றால் இதைவிட மலிவான, நல்ல வழி இல்லை. பட்டையில் விழுகிற தண்ணீர் பக்கத்து மண்ணுக்குள் போய்விடும், பட்டையின் மேல் சக்கர நாற்காலியும் போகும், பாட்டியும் நடப்பார், புல் இருக்கும் இடத்தில் சக்கரம் ஏறுவதே இல்லை என்பதால் மண்ணும் இறுகாது. வளைந்து திருப்ப வேண்டிய இடம், விருந்தாளிகள் கார் அங்கும் இங்கும் நிற்கிற இடம், இவற்றுக்குத்தான் புல் பேவர் உண்மையில் தேவை.

ஆகவே அந்த 600 சதுர அடியை என்னிடம் கொடுத்தால் நான் பிரிப்பது இப்படி. வாசற்படிக்கு முன்னால் ஆறடிக்கு ஆறடி கெட்டித் தரை, கோலம் போட இடம் வேண்டும், அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். கேட்டிலிருந்து உள்ளே இரண்டு பட்டை. விருந்தாளி கார் நிற்கும் வெயில் படும் இடத்துக்குப் புல் பேவர். போர்டிகோவுக்குள் நம் கார் நிரந்தரமாக நிற்கும் இடத்தில் ஜல்லி நிரப்பிய துளைக் கல். பக்கச் சந்தில் சுவரோரத்தை விட்டு ஜல்லி, நடக்க ஒரு வரிசை கல். மிச்சம் இருக்கிற மூலைகளில் வெறும் மண், ஒரு செம்பருத்தி, ஒரு கறிவேப்பிலை. எதையும் மூடாமல் விட முடிகிற இடத்தில் மூடாதீர்கள், எவ்வளவு நல்ல பேவரும் நல்ல மண்ணுக்கு ஈடாகாது.

பயங்களுக்கும் பதில் சொல்லிவிடலாம். புல் வைத்தால் கொசு வரும் என்பார்கள். கொசு முட்டையிலிருந்து பறக்கிற நிலைக்கு வர ஒரு வாரம் பத்து நாள் தேங்கிய தண்ணீர் வேண்டும், சரியாகப் போட்ட புல் பேவரில் தண்ணீர் மேலே தேங்கவே தேங்காது. வாட்டம், அதாவது தண்ணீர் ஓடும் சரிவு, சரியில்லாத சிமெண்டுத் தரையின் பள்ளத்தில்தான் தேங்கும். பாம்புக்குப் பயப்படுகிறவர்கள் புல்லைக் குட்டையாக வெட்டி வைத்து, எலி தங்குகிற பழைய செங்கல் குவியலையும் விறகையும் முதலில் அப்புறப்படுத்துங்கள். காரிலிருந்து சொட்டும் எண்ணெய் கொஞ்சமாக இருந்தால் மேல்மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் காலப்போக்கில் சிதைத்துவிடும். அதற்காகப் புல் பேவர் மேல் வண்டியைச் சோப்புப் போட்டுக் கழுவுவதும் என்ஜின் ஆயில் மாற்றுவதும் கூடாது, கீழே போவது நாம் குடிக்கிற தண்ணீர். கிணறு, சம்ப் மூடி, செப்டிக் டேங்க் இவற்றை ஒட்டி இந்தத் தரை வேண்டாம். வீட்டுச் சுவரை ஒட்டியும் வேண்டாம், குறிப்பாகக் களிமண் நிலத்தில், அஸ்திவாரத்தின் ஓரம் ஈரமாகிக் காய்ந்து ஈரமாகிக்கொண்டே இருந்தால் நல்லதில்லை. சுவரிலிருந்து மூன்றடிக்கு வெளிநோக்கி வாட்டம் கொடுத்த கெட்டித் தரை போட்டு, அதற்கு அப்பால் தொடங்குங்கள்.

வேலை நடக்கும் நாளில் வீட்டில் இருங்கள், ஏனென்றால் புல் பேவர் கெட்டுப்போவது அன்றைக்குத்தான். பழக்கதோஷத்தில் மேஸ்திரி அடியில் சிமெண்டுக் கலவை விரிப்பார், அது போட்டால் எல்லாம் வீண், மேலே பச்சை இருக்கும், கீழே மூடியிருக்கும். கிராவல் கொட்டட்டுமா என்று கேட்பார், நம் ஊரில் கிராவல் என்று லாரியில் வருவது களி கலந்த சிவப்பு மண், அது இறுகித் தண்ணீரைத் தடுக்கும். குவாரி டஸ்ட்டும் அப்படித்தான். கீழே நிலத்தை மட்டம் செய்து, ஜியோ டெக்ஸ்டைல் துணி (தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் துணி) விரித்து, அதன்மேல் கழுவிய ஒன்றரை அங்குல ஜல்லியும் முக்கால் அங்குல ஜல்லியும், அதன்மேல் இரண்டு அங்குலக் கனத்துக்குக் கால் அங்குலச் சிப்ஸ், அதன்மேல் கல். ஓரத்தில் நகராமல் பிடிக்க ஓரக்கல் மட்டும் சிமெண்டில் வைக்கலாம். துளையில் மண்ணும் ஆற்றுமணலோ எம் சாண்டோ பாதிக்குப் பாதியும் கொஞ்சம் மக்கிய சாணமும், கல்லின் மேல்மட்டத்துக்கு ஒன்றரை செ.மீ. கீழே வரை மட்டும் நிரப்புங்கள்; விளிம்பு வரை நிரப்பினால் சக்கரம் புல்லின் குருத்தை நசுக்கிவிடும். காருக்கு 60 மி.மீ. கனம் தாங்கும், 80 மி.மீ. என்றால் நிம்மதி. தண்ணீர் லாரி உள்ளே வரும் வீடு என்றால் கல்லின் கனமும் ஜல்லியின் ஆழமும் இரண்டுமே கூட வேண்டும், அதைப் பொறியாளரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். விலை கேட்கும்போது கல்லுக்குத் தனியாக, அடித்தளத்துக்குத் தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள், சதுர அடிக்கு இவ்வளவு என்று மொத்தமாகச் சொல்கிறவர் பெரும்பாலும் ஜல்லியில்தான் மிச்சம் பிடிப்பார்.

காலமும் முக்கியம். ஜூலை, ஆகஸ்டில் கல் வேலையை முடித்து அருகம்புல் துண்டுகளை நட்டுவிட்டால், சென்னையில் மாலை நேரத்தில் பெய்கிற தென்மேற்குப் பருவ மழையிலேயே பாதி வேர் பிடித்துவிடும், மிச்சத்துக்கு ஒரு வாளித் தண்ணீர் போதும். ஆறு முதல் எட்டு வாரம் அதன்மேல் கார் ஏற்ற வேண்டாம். அக்டோபர் கடைசியில் வடகிழக்கு மழை தொடங்கும்போது வேர் கீழே சிப்ஸ் வரை போயிருக்கும். ஏப்ரலில் வேலை தொடங்க வேண்டிய கட்டாயம் வந்தால் கல்லை மட்டும் போட்டு மண்ணை நிரப்பி வையுங்கள், புல்லுக்கு ஜூலை வரை பொறுங்கள்.